காப்பிக்கும் ஒரு பூட்டு!

காப்பி போடுவதற்கு ஒரு இயந்திரம். அதன் வாயில் ஒரு சிமிழை வைக்க வேண்டும். குங்குமச் சிமிழ் மாதிரி சிறிசு. அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்து, உள்ளே ஏறக்குறைய 5 கிராம் காப்பித்தூளை அடைத்து, மூடி ஒட்டியிருப்பார்கள். பொத்தானை அழுத்தினால் இயந்திரம் சிமிழைக் குத்தி, வெந்நீரை வேகமாக உள்ளே செலுத்துகிறது. சிறிது நேரத்தில் ஒரு கோப்பைக் காப்பி ரெடி. காலிச் சிமிழ் குப்பைக்கு. ஸ்விட்சர்லாந்து தேசத்து நெஸ்லே கம்பெனி 1986-ல் நெஸ்பிரஸ்ஸோ என்ற பெயரில் ஆரம்பித்த வியாபாரம் இது. 2025-ல் தில்லியிலும் கடை திறந்துவிட்டார்கள்.

"இது சீமான்கள் வீட்டுச் சங்கதி. ஸ்பின்னிங்கில் நிற்கிறவனுக்கும் நாற்று நடுகிற பெண்ணுக்கும் இதில் என்ன வந்தது?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிமிழ் நம் தெருவுக்கு வரப்போவதில்லை. ஆனால் சிமிழுக்குள் ஒரு தந்திரம் இருக்கிறது. அது காப்பியோடு நிற்கப்போவதில்லை.

முதலில் நம் வீட்டுப் பில்டரைப் பாருங்கள். மேலே துளை போட்ட பாத்திரம், கீழே டிகாக்‌ஷன் இறங்கும் பாத்திரம். அவ்வளவுதான். எந்தக் கடைத் தூளையும் போடலாம். கையில் காசு குறைந்தால் சிக்கரியைக் கூட்டிக்கொள்ளலாம். திடீரென்று இரண்டு பேர் வந்துவிட்டால், அதே தூளில் மறுபடி வெந்நீர் விட்டு இரண்டாம் டிகாக்‌ஷன் இறக்கிச் சமாளிக்கலாம். பில்டரும் இல்லாத வீட்டில் சட்டியில் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, கருப்பட்டி போட்டுக் குடிக்கிறார்கள். பில்டரை விற்ற பாத்திரக் கடைக்காரர் விற்றதோடு சரி. மறுநாள் காலையில் வந்து, "என் தூளைத்தான் போடவேண்டும்" என்று அடுப்படியில் நிற்பதில்லை.

மேல்நாட்டிலும் இப்படித்தான் இருந்தது. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக் குடும்பப் பெண் மெலிட்டா பென்ட்ஸ், ஒரு பாத்திரத்தில் துளை போட்டு, பையனுடைய மை ஒற்றும் தாளை அதில் விரித்துக் காப்பி வடிகட்டினார். 1908-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கிக் கம்பெனி ஆரம்பித்தார். அவரும் லாபம் பார்த்தவர்தான். ஆனால் அந்த வடிகட்டியில் யார் தூளையும் போடலாம்.

நாம் இயந்திரத்துக்கு விரோதிகளல்ல. முதல் ஷிப்டுக்குப் போகிறவனுக்காக நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவள் பெண்தான். அதை மறந்துவிட்டு, பில்டர் காப்பியின் மணத்தைப் பற்றிப் பேசுவது ஆண்பிள்ளைகளுக்குச் சுலபம். அவளும் மில்லுக்குப் போகிறவள் என்றால் கேட்கவே வேண்டாம். அவள் வேலையைக் குறைக்கும் கருவி எதுவானாலும் வரட்டும். கோயம்புத்தூர் கிரைண்டர் வந்தது. ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டிய பெண்களுக்கு இடுப்பு நிமிர்ந்தது. அந்தக் கிரைண்டர் ரேஷன் அரிசியையும் அரைக்கிறது, சந்தை அரிசியையும் அரைக்கிறது. "எங்கள் கம்பெனிப் பாக்கெட் அரிசியைப் போட்டால்தான் சுற்றுவேன்" என்று அது சொன்னால் எப்படி இருக்கும்? சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் காப்பி இயந்திரம் அப்படிச் சொல்லிற்று.

கியூரிக் என்பது அங்கே லட்சக்கணக்கான வீடுகளில் புகுந்த சிமிழ் இயந்திரம். சிமிழ் பேரில் கம்பெனிக்கு இருந்த முக்கியக் காப்புரிமைகள் 2012-ல் முடிந்தன. மற்றவர்கள் மலிவாகச் சிமிழ் போட ஆரம்பித்தார்கள். கம்பெனி என்ன செய்தது? 2014-ல் புது இயந்திரம் இறக்கியது. சிமிழ் மூடியில் ஒரு விசேஷ மை. அதை இயந்திரம் பார்க்கும். அந்த மை இல்லாத சிமிழ் என்றால் வேலை செய்யாது. சொந்தத் தூளை நிரப்பிக்கொள்ள முன்பு இருந்த வலைக்கிண்ணமும் அதில் சேராது. வீடு உங்களுடையது, மின்சாரம் உங்களுடையது, இயந்திரமும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. உத்தரவு மட்டும் கம்பெனியுடையது!

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. அசல் சிமிழின் மூடியில் ஒரு துண்டை வெட்டி ஒட்டி இயந்திரத்தை ஏமாற்றினார்கள். பலர் வாங்குவதையே நிறுத்தினார்கள். விற்பனை சரிந்தது. 2015 மே மாதத்தில் கம்பெனித் தலைவரே தாங்கள் செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டு, வலைக்கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார். கியூரிக்கை உண்டாக்கியவர்களில் ஒருவரான ஜான் சில்வன், 1997-ல் தம் பங்கை 50,000 டாலருக்கு விட்டுக்கொடுத்து வெளியேறியவர். தம் வீட்டில் அந்த இயந்திரம் கிடையாது, செலவு ஜாஸ்தி, வடிகட்டிக் காப்பி போடுவது என்ன பெரிய கஷ்டம் என்று 2015-ல் ஒரு பத்திரிகையிடம் அவரே சொன்னார்!

நெஸ்லே இன்னும் கெட்டி. அதன் பழைய சிமிழின் காப்புரிமைகள் முடிகிற காலத்தில், 2014-ல், வேறு வடிவச் சிமிழோடு வேறு இயந்திரத்தை அமெரிக்காவில் இறக்கியது. சிமிழின் விளிம்பில் பார்கோடு. அதைப் படித்த பிறகுதான் தண்ணீரே விடும்.

பூட்டு எதற்கு? கணக்குப் போடுங்கள். ஐரோப்பாவில் ஒரு சிமிழ் அரை யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தூளுக்கு 200 சிமிழ். ஆகக் கிலோ 100 யூரோ! 2019-ல் உலகச் சந்தையில் அராபிகா பச்சைக்கொட்டை பவுண்டு ஒரு டாலருக்கும் கீழே விழுந்தது. கிலோவுக்கு 2 டாலர் சொச்சம். 2025 பிப்ரவரியில் பவுண்டு 4 டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சிக்கு ஏறியபோதும் கிலோவுக்கு 9 டாலர் சுமார்தான். வறுக்கும்போது குறைகிற எடை, சிமிழ், கப்பல், கடை எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம் எவ்வளவு, அது யாருக்கு? பழம் பறித்தவள் கூலியை இந்த 100 யூரோவில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். கவுதமாலா நாட்டில் நெஸ்பிரஸ்ஸோவுக்குக் கொட்டை போகிற தோட்டங்களில் குழந்தைகள் வேலை செய்வதை 2020-ல் பிரிட்டிஷ் டெலிவிஷன் ஒன்று படமெடுத்துக் காட்டியது. விசாரிக்கிறோம் என்றது கம்பெனி.

அளவாக அடைப்பதால் தூள் வீணாவதில்லை என்கிறார்கள். வாஸ்தவம். வீணாவது சிமிழ். 2016-ல் ஹாம்பர்க் நகர நிர்வாகம், பொதுப் பணத்தில் இந்தச் சிமிழ்களை வாங்கக் கூடாதென்று தடை போட்டது. அலுமினியம் எங்கிருந்து வருகிறதென்று சேலத்துத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேர்வராயன் மலையில் மேலே காப்பிச் செடி, அடியில் பாக்சைட். அதை வெட்டி மேட்டூரில் உருக்கிய காலம் உண்டு. வெட்டிய மலை வளர்வதில்லை.

தந்திரம் காப்பியோடு நிற்காது என்றேனே, அது ஜோசியமல்ல. அமெரிக்க விவசாயி தன் டிராக்டர் மக்கர் செய்தால் தானே முழு ரிப்பேர் பார்க்க முடிவதில்லை. உள்ளே கம்பெனியின் கம்ப்யூட்டர் பூட்டு. ஜான் டீர் கம்பெனி மேல் 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தகக் கமிஷனே வழக்குப் போட்டது. நம் வயலுக்கு வருகிற அறுவடை இயந்திரத்திலும் தறிக்கூடத்து மெஷினிலும் இதே பூட்டு ஏற நாளாகாது.

ஆகவே இந்தச் சிமிழ் வியாபாரம் இங்கே வேர் பிடிப்பதற்கு முன்பே சர்க்கார் சட்டம் செய்ய வேண்டும். விற்ற கருவியில் கம்பெனி பூட்டு வைக்கக் கூடாது. சொந்தத் தூள் போடும் கிண்ணத்தை இயந்திரத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். எந்தக் கடைத் தூள் என்று கேட்க இயந்திரத்துக்கு உரிமை கிடையாது என்று அந்தச் சட்டத்தில் பச்சையாக எழுதியிருக்க வேண்டும்.