யார் முகத்தில் சோதித்தீர்கள்?

உதட்டையும் கன்னத்தையும் ஊசி போட்டு உப்பவைக்கிற ஃபில்லர் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் சிரித்தார். 'அது பணக்காரப் பொம்பளைங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு' என்றார். நம் கூட்டங்களில் இந்தச் சிரிப்பை நிறையக் கேட்டாயிற்று. கூலி, பஞ்சமி நிலம் என்றால் அரசியல். உடம்பு என்றால், அதிலும் பெண் உடம்பு, திருநங்கை உடம்பு என்றால், வெறும் மினுக்கு. அப்படியில்லை. சோதித்துச் சான்று வாங்கின சரக்கு காசுள்ளவர் முகத்துக்குப் போகிறது. சோதிக்காதது ஏழை உடம்புக்கு வருகிறது. அந்த உடம்பே சோதனைக்கூடமாகவும் ஆகிவிடுகிறது.

1981இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்த ஸைடெர்ம் என்ற ஃபில்லர் எதிலிருந்து வந்தது தெரியுமா? மாட்டுத் தோலிலிருந்து. தனி மந்தையாக அடைத்து வளர்த்த மாடுகளின் தோலில் எடுத்த கொலாஜன். செத்த மாட்டை உரிக்கிற கை தீட்டு. அதே தோல் சீமை ஊசிக்குள் ஏறி வந்தால் சீமாட்டிக்கு அழகு! போகட்டும். அதில் கவனிக்க வேண்டியது வேறு. நூற்றில் மூன்று பேருக்கு ஒவ்வாமை வந்ததால், முன்கையில் ஒரு துளி குத்தி நான்கு வாரம் பார்த்த பிறகே முகத்தைத் தொட்டார்கள். பொறுமையாய்க் காத்திருக்க விஞ்ஞானத்துக்குத் தெரியாமல் இல்லை. யாருக்காகக் காத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

திரவ சிலிக்கோன் கதையைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அமெரிக்கப் படைகள் குடிகொண்ட ஜப்பானில், சிப்பாய்களிடம் பிழைப்பு நடத்த வேண்டியிருந்த பெண்களின் மார்பில் பாரஃபினும் சிலிக்கோனும் குத்தினார்கள். அந்தச் சிலிக்கோன் துறைமுகத்தில் திருடுபோன ஆலைச் சரக்கு என்று சொல்லப்படுகிறது. 1960களில் அமெரிக்காவின் கேளிக்கை விடுதிகளில் ஆடிய பெண்களுக்கு வந்தது. மார்பு கட்டி தட்டி, புண்ணாகி, சிலருக்கு அறுத்தெடுக்கவும் வேண்டியிருந்தது. பிரேசிலில் திருநங்கைகளுக்கு லிட்டர் கணக்கில் இன்னொரு திருநங்கைதான் குத்துவார். எந்த ஆஸ்பத்திரி அவர்களை வாசலில் சேர்த்தது? ஊசித் துளையை அடைக்க ஒட்டுப்பசை. பசை! உடம்பை அழகாக்கத் திரவ சிலிக்கோனைக் குத்த அமெரிக்க நிர்வாகம் ஒருபோதும் ஒப்புதல் தந்ததில்லை. ரத்தக் குழாய்க்குள் போனால் நுரையீரலை, மூளையை அடைத்துக் கொல்லும் என்று 2017இல் மறுபடியும் எச்சரித்தது. சாவு விழ ஆரம்பித்து அரை நூற்றாண்டு கழித்து.

சரி, சோதித்த சரக்கு? 2003 டிசம்பரில் ரெஸ்டிலேன் என்ற ஹயலுரானிக் அமில ஃபில்லருக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆதாரமாக இருந்த முக்கிய ஆய்வில் 138 பேர், ஆறு மாதம். கருந்தோலுள்ள 150 பேரை வைத்துச் செய்த ஆய்வு, சரக்கு கடைக்கு வந்த பிறகுதான். தழும்பு தடித்து வளர்வது கருந்தோலில் அதிகம் என்று தெரிந்தவர்கள்தான் இப்படிச் செய்தார்கள். தோலை வகை பிரிக்க மருத்துவர்கள் வைத்திருக்கிற அளவுகோலுக்கும் ஒரு கதை உண்டு. 1975இல் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற மருத்துவர் அதைச் செய்தபோது வெள்ளைத் தோலை மட்டும் நான்காகப் பிரித்தார். பழுப்பும் கறுப்பும் ஐந்து, ஆறு என்று பின்னால் ஒட்டப்பட்டன. நாலு வருணம், அதற்கு வெளியே பஞ்சமர். எங்கேயோ கேட்ட கணக்கு மாதிரி இல்லை?

நம்ம ஊருக்கு வருவோம். எங்கள் தெருப் பெண் ஒருத்தி நகரத்தில் அழகு நிலையத்தில் வேலை செய்கிறாள். ஃபில்லர் போடக் கற்றுத்தர அங்கே ரெண்டு நாள் பயிற்சி நடந்தது. கற்றுக்கொள்பவர்கள் குத்திப் பார்க்க முகம் வேண்டுமே? 'உனக்கு இலவசமா போட்டு விடறோம், மாடலா உக்காரு' என்றார்கள். மாட்டேன் என்றால் வேலை நிற்குமா? உட்கார்ந்தாள். 'பெட்டியில என்ன எழுதியிருந்துச்சு?' என்று கேட்டேன். 'இங்கிலீசுக்கா, யாரு படிச்சுச் சொன்னா' என்றாள். கையெழுத்து மட்டும் வாங்கியிருக்கிறார்கள், அதுவும் இங்கிலீசுத் தாளில். நம் நாட்டில் மருத்துவக் கருவி விதிகள் 2017 இருக்கின்றன. அவை பெட்டியைக் கேள்வி கேட்கும். ரெண்டு நாளில் ஊசி பிடித்த கையை?

'கறுப்பே அழகு, இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்களேன்' என்பவர்களுக்கு: நானும் மேடையில் அதைச் சொல்கிறவன்தான். ஆனால் முகத்தைப் பார்த்துச் சம்பளம் போடுகிற இடத்தில் நிற்கிறவளிடம் உபதேசம் சோறு போடாது. அவளுக்கு வேண்டியது உண்மை. தோல் வகைவாரியான சோதனை விவரம் தமிழில் வேண்டும். மாடலாக உட்காரமாட்டேன் என்று சொன்னால் வேலை போகக்கூடாது.

அதுவரை தெரிந்ததைச் சொல்லிவைக்கிறேன், நாலு பேருக்குச் சொல்லுங்கள். புருவ நடுவிலும் மூக்கிலும் குத்துவது மோசமான ஆபத்து. அங்குள்ள ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகிற குழாயோடு சேர்ந்தவை. ஊசி குழாய்க்குள் இறங்கினால் சரக்கு பின்னோக்கித் தள்ளப்பட்டு விழித்திரைக்குப் போகிற ரத்தத்தை அடைக்கும், பார்வை போய்விடும். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. ஹயலுரானிக் அமிலம் என்றால் அதைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்ற நொதி உண்டு. அது கையிருப்பில் இல்லாத இடத்தில் உட்காரவே கூடாது. சிலிக்கோனைக் கரைக்க எதுவும் கிடையாது. குத்தின இடம் வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, வலி தாங்கமுடியாமல் ஏறினாலோ, கண் மங்கினாலோ, 'தன்னால சரியாயிடும், வீட்டுக்குப் போ' என்பார்கள். போகாதீங்க. என்ன சரக்கு குத்தினார்கள் என்று கேட்டு, அந்தக் காலிப் பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு, கண் மருத்துவர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த நிமிசமே ஓடுங்க.