துருவும் ஸ்புரூஸ் மரமும்

அலோர் காஜா பக்கம் வீட்டோரத்தில் நிற்கும் லிபெரிகா காப்பியில் துரு வந்தால், இலையின் மேற்புறம் வெளிர்மஞ்சள் புள்ளியும் அடியில் ஆரஞ்சுத் தூளும் தெரியும். தூளை நுண்ணோக்கியில் பாருங்கள். ஒவ்வொரு வித்தும் அவரை விதை மாதிரி வளைந்து, முதுகில் முள்ளும் வயிற்றில் வழவழப்புமாகக் கிடக்கும்.

துரு ஒரு பூஞ்சை. பூஞ்சைகளின் ஜீனோம் பொதுவாக மூன்று நான்கு கோடி கார இணைகள்தான். காப்பித் துருவுக்கோ ஏறத்தாழ 80 கோடி. அது தின்னும் ரொபஸ்டா காப்பிச் செடிக்கே 71 கோடிதான்! ஆனால் மரபணுக்களை எண்ணினால் ரொபஸ்டாவில் 25,000-க்கு மேல். துருவில் அதில் பாதியளவே. மீதி இடத்தைப் பெரும்பாலும் தாவும் மரபணுக் கூறுகள் தங்களையே நகலெடுத்து நிரப்பியிருக்கின்றன.

ஊசியிலை மரங்களிலும் இதே கதை. 2013-இல் வெளியான நார்வே ஸ்புரூஸ் ஜீனோம் சுமார் 2,000 கோடி கார இணைகள், மனிதனுடையதைப் போல ஆறு மடங்குக்கு மேல். மரபணுக்களோ 28,000 சொச்சம்.

இரண்டும் குப்பை சேர்ந்து பெருத்தவை என்று ஒரே மூட்டையில் கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்புரூஸ் காய்க்கவே இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். அதன் சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்லச் சேர்ந்தது, கழியவும் இல்லை. துருவோ சில வாரங்களில் அடுத்த தலைமுறை வித்தைக் கொட்டிவிடும். நமக்கு வேண்டியது இந்த வாரக் கணக்கு; ஜீனோமின் பருமன் வயலில் எதையும் சொல்லாது.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். 1869-இல் இலங்கையில் இனங்காணப்பட்ட இந்தத் துருதான் அங்கே காப்பித் தோட்டங்களை அழித்து, நம்மவர்களைத் தேயிலைக் கொழுந்துக்கு அனுப்பியது. 1930-களில் கர்நாடகத்தின் பாலேஹொன்னூரில் மேய்ன் என்ற ஆய்வாளர் துருவுக்குள் தனித்தனி இனங்கள் இருப்பதைக் காட்டினார். இன்று ஐம்பதுக்கு மேல் தெரியும். லிபெரிகாவின் எதிர்ப்புத்தன்மையைக் கலந்து அங்கே உருவான எஸ்.795 காப்பி ரகம் முதலில் நன்றாகத்தான் தாங்கியது. பிறகு அதையும் தாக்கும் இனங்கள் வந்துவிட்டன. ஆகவே "லிபெரிகாவுக்குத் துரு ஒன்றும் செய்யாது" என்று சிறுதோட்டக்காரர்களிடம் உறுதி கொடுப்பதை நிறுத்துவோம்.

எந்த இனத் துரு என்று கண்டறிய மாதிரி அனுப்பும்போது ஒரே மரத்தில் பத்து இலை பறிக்காமல் பல இடங்களில் ஒவ்வொன்றாக எடுங்கள். ஒவ்வொரு இலையும் தனிக் காகித உறையில் போகட்டும். பிளாஸ்டிக் பை வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும். உறையின் மேல் இடம், தேதி, காப்பி ரகம் மூன்றையும் எழுதுங்கள்.