ஆறு மணிக்கே அடைபடும் குழந்தைகள்

ஐப்பசி பிறந்துவிட்டது. அடைமழைக் காலம். டெல்டாவில் சம்பா வேலை மும்முரமாக நடக்கிறது. காலையில் வயலில் இறங்குகிற விவசாயத் தொழிலாளி பொழுது சாயும்போதுதான் கரையேறுகிறார். மில் தொழிலாளிக்கோ பகல் எது, இரவு எது என்பதை ஷிப்டுதான் தீர்மானிக்கிறது. இந்த மாதங்களில் நமது குழந்தைகளின் மாலைப் பொழுது எப்படிக் கழிகிறது என்று நாம் யோசித்திருக்கிறோமா?

ஜூன் மாதத்தில் சென்னையில் மாலை ஆறரை வரை வெயில் இருக்கும். நவம்பரில் 5.40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. மேற்கே கோவையில் கால் மணி நேரம் கூடக் கிடைக்கலாம், அவ்வளவுதான். பள்ளிவிட்டு வந்து, பையை வைத்துவிட்டு, இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வருவதற்குள் இருட்டிவிடுகிறது. மழையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். குழந்தை வீட்டுக்குள் அடைபடுகிறது.

சென்ற ஆண்டு கார்த்திகையில் கூலிப் பிரச்னை பற்றிப் பேச ஒரு தெருவுக்குப் போயிருந்தோம். மணி ஆறரைதான். நான்கு கம்பங்களில் ஒன்றில் மட்டும் விளக்கு எரிந்தது. ஒரு திண்ணையில் ஏழெட்டுக் குழந்தைகள் ஒரே செல்போனைச் சுற்றி முடங்கிக் கிடந்தார்கள். "விளையாடப் போகவில்லையா?" என்று கேட்டோம். குழந்தைகள் பதில் சொல்லவில்லை. ஒரு தாய் சொன்னார்: "எங்கே அண்ணே போகும்? பாம்பு பூச்சி கிடக்குது. பொம்பளைப் பிள்ளையை இருட்டுல விட முடியுமா? கம்பத்துல லைட்டு எரியட்டும், நானே விளையாட அனுப்புறேன்."

நம்மிடம் பதில் இல்லை. கூலியைப் பற்றிப் பேசத் தயாராகப் போன நாம், அந்தத் தெருவிளக்கைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அது நமது குறை.

விளையாட்டு வீண் பொழுதா?

"குழந்தை படித்தால் போதாதா, விளையாட்டு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். 5 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எலும்பு உறுதிப்படுவதும், இதயமும் நுரையீரலும் பலப்படுவதும் இந்த வயதில்தான். ஓடியாடிய குழந்தை நன்றாகத் தூங்குகிறது. பாடத்திலும் மனம் செல்கிறது. ஆனால் உலகில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்கு இந்த அளவு கிடைக்கவில்லை என்று அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-ல் கணக்குக் காட்டினார்கள். பையன்களைவிடப் பெண் பிள்ளைகளின் நிலைமை மோசம்.

"நம் பிள்ளைதான் தண்ணீர் சுமக்கிறதே, விறகு பொறுக்குகிறதே" என்பார்கள். சுமப்பது வேலை. விளையாட்டு குழந்தையின் உரிமை. பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மழைக்காலத்திலும் கூரை போட்ட, விளக்குப் போட்ட மைதானம் இருக்கிறது. பணம் கட்டினால் பயிற்சியாளரும் வருவார். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்குத் தெருவை விட்டால் வேறு மைதானம் ஏது? அந்தத் தெருவும் இருட்டினால்?

நம் பிள்ளைகளுக்குத் திறமை இல்லையா? 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா ஆடினார். நகரத்துக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது.

நாமே செய்யக்கூடியது

முதலில் நம் கையில் இருப்பதைச் செய்வோம். தெருவில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்போம். சங்க ஆபீஸ் வராந்தா, சமுதாயக் கூடம், களம், எதுவானாலும் சரி. பகலிலேயே கல்லையும் முள்ளையும் அகற்றி, ஓரத்துப் புல்லைச் செதுக்கி, தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவோம். மழையில் மின்கம்பத்தையும் இழுவைக் கம்பியையும் குழந்தைகள் தொடாத தூரம் பார்ப்போம்.

வெறித்த நாளில் சடுகுடு, கிளித்தட்டு, பச்சைக்குதிரை. மழை நாளில் கூரைக்கடியில் கயிறு தாண்டுதல், நொண்டி, கும்மி, கோலாட்டம். சிலம்பம் தெரிந்த பெரியவர் இருந்தால் அவரை அழைப்போம். இதற்கெல்லாம் காசு வேண்டாம். ஆறு மணி முதல் ஏழு மணி வரை, முறை வைத்து இரண்டு பெரியவர்கள் கூடவே நின்றால் போதும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அப்போதுதான் பெண் பிள்ளைகள் வருவார்கள். மத்தியானம் பள்ளியில் சாப்பிட்ட குழந்தை வெறும் வயிற்றோடு ஓடாது. ஆளுக்கு ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையாவது கொடுப்போம்.

கேட்டுப் பெற வேண்டியது

ஆனால் விளக்கை நாம் போட முடியாது. அது பஞ்சாயத்தின் கடமை. 1994-ம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டமே அப்படிச் சொல்கிறது. பள்ளி என்றால் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. அந்த மைதானத்தின் கதவை மாலையில் ஏன் பூட்ட வேண்டும்? 2024-ல் கிராமப் பஞ்சாயத்துகளுக்கென்று சர்க்கார் விளையாட்டுச் சாமான்கள் கொடுக்கத் தொடங்கியது. உங்கள் ஊருக்கு வந்த பந்தும் வலையும் எந்த அறையில் பூட்டிக் கிடக்கின்றன? நவம்பர் 1 கிராமசபை நாள். மாதர்களும் வாலிபர்களும் திரண்டு சென்று கேளுங்கள். விளக்கு, மைதானம், சாமான் மூன்றுக்கும் தீர்மானம் எழுதச் செய்யுங்கள்.

இன்னொன்றும் உண்டு. குழந்தையோடு நிற்கப் பெற்றோருக்கு நேரம் வேண்டும். 8 மணி நேர வேலை, 8 மணி நேர ஓய்வு, மீதி 8 மணி நேரம் நமக்கு என்றுதான் தொழிலாளி வர்க்கம் போராடியது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. சங்கங்கள் எதிர்த்து நின்றதால் அந்த மே தினத்தன்றே அது வாபஸ் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அன்று நாம் காத்தது நமது உடம்பை மட்டுமல்ல. நம் குழந்தையின் மாலை நேரத்தையும்தான்.

இந்தக் கார்த்திகையிலும் நாம் அந்தத் தெருவுக்குப் போவோம். அந்தத் தாய் மறுபடியும் கேட்பார். பதிலோடு போவோம், தோழர்களே!