ஊழியும் அளவுமானியும்

பிரபஞ்சம் விரிந்து, ஒடுங்கி, மறுபடியும் விரிகிறது என்னும் கருத்து பேசப்படும் இடங்களிலெல்லாம், இதை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்ற வாக்கியமும் தவறாமல் வந்துசேர்கிறது. சான்றாகப் பிரம்மனின் ஒரு பகலான 432 கோடி ஆண்டுகள் காட்டப்படும். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள்; நெருங்கிவிட்டதல்லவா என்பார்கள். 1980இல் கார்ல் சேகன் தமது 'காஸ்மோஸ்' தொடரில் இக்கணக்கை வியந்து பேசியதும் துணைக்கு அழைக்கப்படும். இந்தப் பெருமிதத்தால் அறிவியலுக்கும் பயனில்லை, மரபுக்கும் பெருமையில்லை என்பதே என் எண்ணம்.

ஓசூர்வாசிகளுக்கு இதை விளக்குவது எளிது. எங்கள் சிப்காட் பட்டறைகளில் கேஜுக்குப் பொருந்தாத உருப்படி எத்தனை பளபளப்பாக இருந்தாலும் ரிஜெக்ட்தான். எவ்வளவு பிசகலாம் என்பது வேலை தொடங்கும் முன்பே வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். 432க்கும் 454க்கும் இடையில் 22 கோடி ஆண்டுகள் இருக்கின்றன. அதைக்கூட விட்டுவிடலாம். எந்த எண் வந்திருந்தால் பொருந்தவில்லை என்று நாம் ஒப்புக்கொண்டிருப்போம்? பிரபஞ்சத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகளோடு ஒப்பிடாமல் பூமியின் வயதை மட்டும் ஏன் தேர்ந்தெடுத்தோம்? விடை கிடைத்தபின் வரைபடம் எழுதும் பட்டறை எதுவும் இல்லை.

அறிவியலில் சுழலும் பிரபஞ்சம் பட்ட பாடு வேறு. 1922இல் ஃப்ரீட்மன் சமன்பாடுகள் அதற்கு வழி திறந்தன. 1934இல் ரிச்சர்ட் டோல்மன் ஓர் இடையூறைக் காட்டினார்: எண்ட்ரோப்பி சுழற்சிக்குச் சுழற்சி சேர்ந்துகொண்டே போவதால் ஒவ்வொரு சுழற்சியும் முந்தையதைவிட நீளும், பின்னோக்கிப் போனால் சுருங்கிக்கொண்டே வரும். ஆக, சுழற்சிக்கும் ஒரு தொடக்கம் தேவைப்படுகிறது. 1998இல், விரிவு வேகமெடுக்கிறது என்று சூப்பர்நோவா ஆய்வுகள் காட்டியதும் ஒடுக்கம் இன்னும் தொலைவுக்குப் போயிற்று. 2002இல் ஸ்டெய்ன்ஹார்ட்டும் டூரோக்கும் புதியதொரு சுழற்சி மாதிரியை முன்வைத்தனர். வழக்கு இன்னும் முடியவில்லை.

இவ்வழக்கில் நம் நாட்டவர் ஒருவரை நினைக்கவேண்டும். 2025 மே மாதம் மறைந்த ஜயந்த் நார்லிகர், ஹாயிலோடும் பர்பிட்ஜோடும் சேர்ந்து 1993இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். பெருவெடிப்பு என்ற ஒற்றைத் தொடக்கம் இல்லாத, ஏறி இறங்கியபடியே நெடுங்காலப்போக்கில் விரிந்துசெல்லும் பிரபஞ்சம் அது. மராத்தியில் அறிவியல் கதைகள் எழுதியவர். தன்வரலாற்றுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். சுழற்சி நம் மரபில் உண்டு என்பதை அவர் சான்றாக நீட்டவில்லை. நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சுக்குத் தம் கோட்பாடு என்ன விளக்கம் தரும் என்று கணக்கிட்டு, மேசைமேல் வைத்தார். பெரும்பாலான வானியலாளர்கள் அதை ஏற்கவில்லை. இருந்தும் அந்தத் தோல்விக்கு ஒரு கண்ணியம் உண்டு. தோற்கக்கூடிய விதத்தில் பேசுவதே அறிவியலின் அறம்.

அப்படியானால் நம் மரபுக்கு என்ன மிஞ்சுகிறது? நிறையவே மிஞ்சுகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் உலகின் தோற்றம், நிலை, ஒடுக்கம் ஆகியவற்றிலிருந்தே தொடங்குகிறது. ஒடுங்கிய உலகம் ஏன் மீண்டும் தோன்றவேண்டும், யார்பொருட்டு என்பதே அங்கே கேள்வி. மலம் நீங்காத உயிர்கள் பக்குவப்படுவதற்காக என்று சைவ சித்தாந்தம் விடை சொல்கிறது. ஒடுக்கத்தையோ, களைத்த உயிர்களுக்குக் கிடைக்கும் இளைப்பாறுதல் என்கிறது. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஊரில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். அழிவை ஓய்வாகக் கண்ட அந்த மனத்தை 432 என்ற எண்ணுக்குள் அடைப்பது, அதைப் பெருமைப்படுத்துவது ஆகாது.

எண்ட்ரோப்பியும் மலமும் ஒன்றே என்று எழுத யாருக்கும் ஆசை வரும். எழுதாமல் இருப்பதே இரண்டுக்கும் நாம் செய்யும் மரியாதை.