குதிரை ஜெயிக்கிறதா? தரை ஜெயிக்கிறதா?

"எந்தக் குதிரை?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். "எந்தத் தரை?" என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம்!

ரேசில் பணத்தைக் கோட்டை விட்டவர் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான். "ஜாக்கி இழுத்துப் பிடிச்சிட்டான்!" என்பார். அப்படியும் நடக்கலாம். ஆனால், ஜாக்கி மேல் பழி போடுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஓட்டத்தின் வேகம். இன்னொன்று, குளம்புக்கு அடியில் கிடக்கும் மண்.

திறமையா? அதிர்ஷ்டமா?

இந்தக் கேள்வி டெல்லி வரை போனதே தமிழ்நாட்டில் இருந்துதான். குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழக அரசு சட்டம் கொண்டு வந்தது. வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்பது தீர்ப்பு.

கிண்டி மைதானத்துக்கு 2024-ல் அரசு சீல் வைத்தது. அது குத்தகைத் தகராறு. அது வேறு கதை.

ஆனால், கோர்ட்டு சொன்ன அந்தத் 'திறமை' யாரிடம் இருக்கிறது? டீக்கடையில் யாரோ காதில் ஓதிய குதிரையின் பெயரை நம்பிச் சம்பளக் கவரைப் பிரிக்கிறாரே, அவரிடமா?

முன்னால் ஓடியது கடைசியில் வந்தது!

அமெரிக்காவில் பேர் பெற்ற பந்தயம் கென்டக்கி டெர்பி. தூரம் ஒன்றேகால் மைல். 2022-ல் நடந்த கதை இது.

ரிச் ஸ்டிரைக் என்று ஒரு குதிரை. வேறொரு குதிரை விலகியதால், முதல் நாள்தான் அதற்கு இடமே கிடைத்தது. அதை யாரும் மதிக்கவில்லை. ஒன்றுக்கு எண்பது என்று விலை போட்டிருந்தார்கள்.

கதவு திறந்ததும் முன்னணிக் குதிரைகள் பேய் மாதிரிப் பாய்ந்தன. முதல் கால் மைலை 21.78 வினாடியில் கடந்தன. அந்தப் பந்தயத்தின் சரித்திரத்திலேயே இவ்வளவு வேகமான ஆரம்பம் கிடையாது. அரை மைல் 45.36 வினாடி!

முடிவு என்ன? முன்னால் பறந்த குதிரை 20-வதாக, அதாவது கடைசியாக வந்தது. பின்னால் பதுங்கி வந்த ரிச் ஸ்டிரைக் கடைசி நேரத்தில் உள்பக்கமாகப் புகுந்து வெற்றி பெற்றது. இரண்டு டாலர் கட்டியவருக்குக் கிடைத்தது 163 டாலர் 60 சென்ட்!

"அதிர்ஷ்டம்" என்றார்கள். பாதிதான் உண்மை. பஸ்சைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடுகிறவர் அடுத்த தெருமுனையிலேயே மூச்சு வாங்குவார். நிதானமாக நடந்து வருகிறவர் அவரைத் தாண்டிப் போவார். குதிரைக்கும் அதே நுரையீரல்தான், அதே கணக்குதான்.

அடுத்த மாதம் பெல்மான்ட் பந்தயம். இந்தத் தடவை முன்னால் போன குதிரைகள் நிதானமாகப் போயின. அதனால் அவற்றுக்கு மூச்சு மிச்சம் இருந்தது. எட்டுக் குதிரைகளில் ரிச் ஸ்டிரைக் ஆறாவது! அதற்குப் பிறகும் அது ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்கவில்லை. டெர்பியைப் பார்த்துவிட்டு அடுத்த பந்தயத்தில் அதன் மேல் பணம் கட்டியவர்கள் கதி என்ன? போச்சு!

இந்தக் கணக்கையும் மீறிய குதிரை உண்டு. 1973-ல் ஓடிய செக்ரட்டேரியட். டெர்பியில் ஒவ்வொரு கால் மைலையும் முந்தைய கால் மைலைவிட வேகமாக ஓடியது. 1 நிமிடம் 59.40 வினாடி! இன்று வரை அந்தச் சாதனையை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. பெல்மான்டில் அதோடு போட்டி போட்டு ஆரம்பத்தில் கூடவே ஓடிய ஷாம் என்ற நல்ல குதிரை, கடைசியாக வந்து சேர்ந்தது. செக்ரட்டேரியட் ஜெயித்தது 31 குதிரை நீளத்தில்! ஆனால், அப்படி ஒரு குதிரை எப்போதாவதுதான் பிறக்கிறது. அதை வைத்து மற்ற குதிரைக்குக் கணக்குப் போட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

மண் மாறினால் மன்னனும் தோற்பான்

அடுத்தது தரை. அமெரிக்காவில் பெரிய பந்தயங்கள் மண் தரையில் நடக்கின்றன. இங்கிலாந்தில் புல்தரை. மூன்றாவதாக மணல், நார், மெழுகு கலந்த செயற்கைத் தரை.

மண்ணில் ஓடும்போது முன்னால் போகிற குதிரை பின்னால் வருவதன் முகத்தில் மண்ணை வாரி இறைக்கும். அதனால் முன்னால் போவதே லாபம். புல்லில் அப்படி இல்லை. கடைசிப் பாய்ச்சலுக்குத்தான் அங்கே மதிப்பு.

கர்லின் என்ற குதிரை 2007-ல் சேறான மண்ணில் பிரீடர்ஸ் கோப்பையை வென்றது. 2008-ல் அதே பந்தயம் கலிபோர்னியாவில் சாந்தா அனிதா மைதானத்தில் நடந்தது. அங்கே அப்போது செயற்கைத் தரை. கர்லினுக்குக் கிடைத்தது நாலாவது இடம்! முதல் இரண்டு இடத்தையும் ஐரோப்பாவில் புல்லில் ஓடிப் பழகிய குதிரைகள் தட்டிக் கொண்டு போயின. குதிரை கெட்டுப் போகவில்லை. தரைதான் மாறியது.

பணம் போனால் வரும், உயிர்?

தரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது காசு விவகாரம் அல்ல.

குதிரைகளின் கால் உடைவதைக் குறைக்க, பெரிய மைதானங்களில் செயற்கைத் தரை போட வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2006-ல் உத்தரவு போட்டார்கள். செயற்கைத் தரையில் சாவு குறைவு என்று கணக்குகள் காட்டின. ஆனால் சாந்தா அனிதாவில் தண்ணீர் வடியவில்லை. பந்தயக்காரர்களும் முணுமுணுத்தார்கள். 2010-ல் மறுபடியும் மண்ணைக் கொட்டினார்கள்.

2019-ல் அங்கே வழக்கத்தை மீறி மழை கொட்டியது. சீசன் முடிவதற்குள் 30 குதிரைகள் செத்தன. நடுவில் பந்தயத்தையே நிறுத்த வேண்டி வந்தது. மழை ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், காலடி மண்ணை அலட்சியம் செய்ய முடியாது என்பது உலகத்துக்கே புரிந்தது.

பந்தயம் நடத்துகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாதனை நேரத்துக்காகத் தரை போடாதீர்கள். காலுக்காகப் போடுங்கள். தரை எப்படி இருக்கிறது என்பதை ஓட்டத்துக்கு முன்னால் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் புரிகிற மாதிரி எழுதிப் போடுங்கள். திறமை ஆட்டம் என்றால் தகவல் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் அல்லவா?

பணம் கட்டுகிறவரும் யோசிக்க வேண்டும். தரையும் வேகமும் தெரிந்தவர்களே பாதி நாள் தோற்றுத் திரும்புகிறார்கள். ஒன்றும் தெரியாமல் டிப்சை நம்பிக் கட்டுகிறவருக்கு அது திறமை ஆட்டமே அல்ல. கோர்ட்டுத் தீர்ப்பு அவர் வீட்டு அரிசிப் பானையை நிரப்பாது!