நாள் குறிக்கும் பாவம்

தானியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் ஒரு பக்கத்திலும், அன்றைய தினசரிப் பத்திரிகையை மறு பக்கத்திலும் விரித்து வைத்துக்கொண்டு, இங்கே சொல்லப்பட்ட மிருகம் இன்ன தேசத்து அதிபதி, இந்தப் பத்துக் கொம்புகள் இன்ன இன்ன ராஜ்யங்கள், ஆகையால் கர்த்தருடைய வருகைக்கு இன்னும் இத்தனை வருஷமே மீதியிருக்கிறது என்று அடித்துச் சொல்லும் போதகரை, வேதத்தில் கரைகண்ட பண்டிதரென்று ஜனங்கள் கொண்டாடுகிறார்கள். மேல்நாட்டுச் சபைகளில் பிறந்த இவ்வழக்கம் நம்முடைய கன்வென்ஷன் பந்தல்களிலும் துண்டுப்பிரதிகளிலும் நெடுங்காலமாக வேரூன்றிவிட்டது. இதை விசுவாசத்தின் மிகுதி என்று கருதுவோர் பலர். என்னுடைய அபிப்பிராயம் அதற்கு நேர்மாறானது: நாள் தெரியாமல் காத்திருக்கும் பொறுமை இல்லாதவர்களுடைய அவிசுவாசமே இந்தக் கணக்காக உருவெடுக்கிறது, அது வேதத்தைக் கௌரவிப்பதுபோல் தோன்றினாலும், தீர்க்கதரிசிகள் உண்மையில் எதைச் சொல்ல வந்தார்களோ அதைச் சொல்லவொட்டாமல் அவர்கள் வாயை அடைத்துவிடுகிறது.

முதலாவது, வேதத்தின் சாட்சியத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த நாளையும் நாழிகையையும் பரலோகத்துத் தூதரும் அறியார், குமாரனும் அறியார், பிதா ஒருவரே அறிவார் என்பது மாற்கு எழுதின சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் கிறிஸ்துவே சொன்னதாக வருவது. உயிர்த்தெழுந்த பின்பும், காலங்களை அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்று அவர் சீஷர்களைத் தடுத்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகின்றன. இதைக் காட்டிலும் தெளிவான விலக்கு வேறு எந்த விஷயத்தில் இருக்கிறது? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமது தேவநகரம் என்னும் பெருநூலை எழுதிய அகஸ்தீன், வருஷங்களை எண்ணிக்கொண்டிருந்த அக்காலத்தவரை நோக்கி, இந்த ஒரு வசனமே கணக்கிடும் விரல்களை ஓயச் செய்யவேண்டும் என்ற கருத்தில் எழுதினார். விரல்கள் ஓயவில்லை. நாளையும் நாழிகையையும்தானே அறியக்கூடாது என்றார், மாதத்தையும் வருஷத்தையும் அறியலாகாது என்று சொல்லவில்லையே என்று வாதாடுகிறவர்கள் பின்னாளில் தோன்றினார்கள். இது ஆண்டவருடைய வார்த்தைக்குக் கீழ்ப்படிகிறவனுடைய வாதமன்று. பத்திரத்திலுள்ள ஓட்டையைத் தேடுகிற வழக்காளியின் வாதம்.

இந்தப் பிழை நல்லவர்களை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு அமெரிக்கச் சரித்திரத்தில் வில்லியம் மில்லரைப்போன்ற உதாரணம் வேறில்லை. அவர் வஞ்சகரல்லர், பணத்தாசை பிடித்தவருமல்லர். நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டன் என்னும் ஊரில் குடியானவராக வாழ்ந்தவர். 1812-இல் ஆங்கிலேயரோடு மூண்ட யுத்தத்தில் படைத்தலைவராக நின்றவர். கடவுள் உலகத்தைப் படைத்துவிட்டு அதை அதன்போக்கில் விட்டுவிட்டார் என்னும் கொள்கையில் சில காலம் இருந்து, 1816-இல் மனந்திரும்பி, வேதாகமத்தையும் ஓர் ஒத்தவாக்கிய அகராதியையும் மட்டுமே துணையாகக் கொண்டு வசனம் வசனமாக ஆராய்ந்தவர். தானியேல் எட்டாம் அதிகாரத்தில், பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படுவதற்கு 2,300 இராப்பகல் செல்லும் என்று ஒரு வசனம் உண்டு. நாள் ஒன்றை வருஷம் ஒன்றாகக் கொண்டு, பெர்சிய அரசனாகிய அர்தசஷ்டா எஸ்றாவுக்குக் கட்டளை கொடுத்த கி.மு. 457-இலிருந்து எண்ணினால் 1843 வருகிறது என்று 1818-லேயே அவர் முடிவு கண்டார். கண்ட முடிவைப் பகிரங்கமாகப் பிரசங்கிக்க 1831 வரை தயங்கினார் என்பதிலிருந்தே அந்த மனிதருடைய மனச்சாட்சி எத்தகையது என்று தெரிகிறது.

பின்பு பாஸ்டன் நகரத்துப் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ் அவரோடு சேர்ந்தார், பத்திரிகைகள் அச்சாயின, மிருகங்களையும் வருஷக்கணக்குகளையும் தீட்டிய பெரிய படங்கள் பந்தல்களில் தொங்கின. 1843 மார்ச்சு முதல் 1844 மார்ச்சு வரை என்று குறித்த காலம் வந்து, ஒன்றும் நேராமல் கழிந்தது. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையே பூஜ்ய வருஷம் என்று ஒன்று கிடையாது, ஆகையால் கணக்கில் ஒரு வருஷம் குறைந்திருக்கிறது என்று சமாதானம் கண்டார்கள். அந்த ஆகஸ்டு மாதம் நியூ ஹாம்ப்ஷயரில் கூடிய ஒரு கூடாரக் கூட்டத்தில் சாமுவேல் ஸ்நோ என்பவர், யூதருடைய ஏழாம் மாதத்தின் பத்தாம் நாள் பாவநிவாரண நாளாகையால் 1844 அக்டோபர் 22-ஆம் தேதியே அந்த நாள் என்று அறுதியிட்டுக் கூறினார். திட்டமான தேதி குறிப்பதை விரும்பாத மில்லர்கூட, ஜனங்களின் உற்சாகத்தைக் கண்டு, அக்டோபர் தொடக்கத்தில் அதற்கு இசைந்தார். விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் நிலத்திலேயே விட்டவர்கள் உண்டு. கடைகளை மூடியவர்களும், உடைமைகளை விற்றவர்களும் உண்டு. வெள்ளை அங்கி தரித்துக் கூரைமேல் ஏறி நின்றார்கள் என்று சொல்லுவது பகைவர் கட்டிய கதை. அதற்கு ஆதாரமில்லை என்று பிற்காலத்து ஆராய்ச்சியில் தெளிந்தது. பரிகாசம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அன்றிரவு நள்ளிரவு கடந்து, விடியும்வரை அழுதுகொண்டேயிருந்தோம் என்று ஹிராம் எட்சன் என்னும் விசுவாசி எழுதி வைத்திருக்கிறார். அந்த அழுகை மெய்யான அழுகை.

மில்லர் தம்முடைய தவற்றை ஒப்புக்கொண்டு, ஆனாலும் வருகை சமீபமென்ற நம்பிக்கையோடேயே 1849-இல் மரித்தார். ஆனால் கணக்கு மரிக்கவில்லை. தேதி சரி, நிகழ்ச்சிதான் வேறு, பூமிக்கு வருவதற்குப் பதிலாகக் கிறிஸ்து பரலோகத்துப் பரிசுத்த ஸ்தலத்தில் புதியதொரு ஊழியத்தை அன்று தொடங்கினார் என்று ஒரு சாரார் விளக்கம் கண்டார்கள். எழுபது வருஷத்துக்குப் பின்பு இதே உபாயம் மறுபடியும் பயன்பட்டது: சார்லஸ் ரசல் என்பவர் நெடுநாளாகக் குறித்திருந்த 1914-ஆம் வருஷம் எதிர்பார்த்தபடி ராஜ்யங்களை முடிவுக்குக் கொண்டுவராதபோது, அவரைப் பின்பற்றியவர்கள் காலப்போக்கில், அவ்வருஷம் கிறிஸ்து கண்ணுக்குப் புலப்படாமல் அரசாளத் தொடங்கினார் என்று போதிக்கலானார்கள். எந்த நிகழ்ச்சியாலும் பொய்யென்று காட்ட முடியாதபடி ஒரு வாக்கை மாற்றி அமைத்துவிட்டால், அதற்குத் தீர்க்கதரிசனம் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

தவறு கூட்டலிலும் கழித்தலிலும் இருந்ததென்று எண்ணுவோர் மிகாயேல் ஸ்டீஃபெல் என்பவரை நினைக்கவேண்டும். லூதருக்கு நண்பர், பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மனியின் தலைசிறந்த கணித மேதைகளுள் ஒருவர். அவர் 1533 அக்டோபர் 19 காலை எட்டு மணிக்கு உலகம் முடியுமென்று குறித்துச் சொல்ல, அவருடைய கிராமத்துக் குடியானவர்கள் வேலையைக் கைவிட்டுக் கையிருப்பைச் செலவழித்துவிட்டு நின்றார்கள். அவர் சிறைப்பட்டு, லூதருடைய பரிந்துரையால் மீண்டார். 1544-இல் அவர் வெளியிட்ட கணித நூலை இன்றும் சரித்திர ஆசிரியர்கள் பாராட்டுகிறார்கள். அவருக்குக் கணிதம் தெரியாமல் போகவில்லை. கணிதத்துக்கு இடமில்லாத இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தார்.

பெயர் பொருத்துகிறவர்களுடைய சரித்திரமும் இவ்வாறே. எசேக்கியேலில் வருகிற கோகு என்பவன் கோத்தர் இனத்தவனே என்று நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரத்து அம்புரோஸ் எழுதினார். லூதரின் காலத்தில் அவன் துருக்கியனானான். இருபதாம் நூற்றாண்டில் சோவியத் ருஷ்யனானான். 1991-இல் சோவியத் நாடே கலைந்துபோயிற்று. நெப்போலியனுடைய பட்டப்பெயரின் எழுத்துக்களைக் கூட்டி 666 காண்கிற பியேரை டால்ஸ்டாய் ‘போரும் வாழ்வும்’ நாவலில் படைத்திருக்கிறார். அதே பியேர் தன் பெயரையும் அப்படியும் இப்படியும் மாற்றி எழுதி அதே தொகையை வரவழைத்துவிடுகிறான். வேண்டிய விடை முன்னமே மனத்திலிருந்தால், எழுத்துக்கள் இசைந்து கொடுக்கவே செய்யும்.

அமெரிக்காவில் 1970-இல் ஹால் லிண்ட்சே எழுதிய கடைசிக்கால நூல் அந்தப் பத்தாண்டில் மிக அதிகமாக விற்ற புத்தகங்களுள் ஒன்று. 1948-இல் இஸ்ரவேல் நாடு தோன்றியதிலிருந்து ஒரு தலைமுறை, அதாவது ஏறக்குறைய நாற்பது வருஷம், என்று அதில் கணக்கு. பத்துக் கொம்புகளுக்கு ஐரோப்பியப் பொதுச் சந்தை. 1981-இல் கிரேக்க நாடு பத்தாவதாகச் சேர்ந்தது; 1986-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டாயிற்று. 1988-இல் எட்கர் விசனன்ட் என்னும் பொறியாளர் எண்பத்தெட்டுக் காரணங்கள் காட்டி அவ்வருஷத்துச் செப்டம்பரைக் குறித்தார். மறு வருஷம் கணக்கைத் திருத்தி மறுபடியும் குறித்தார். தென் கொரியாவில் 1992 அக்டோபர் 28-ஐக் குறித்த லீ ஜாங் ரிம் என்பவரை நம்பி வீட்டை விற்றவர்களும் வேலையை விட்டவர்களும் அநேகர். அவரிடமோ 1993-இல் முதிர்ச்சியடையும் கடன்பத்திரங்கள் இருந்தன என்று வெளிப்பட்டு, மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டார். 2011 மே 21-ஐக் குறித்த வானொலிப் போதகர் ஹரால்டு கேம்பிங் மட்டும் மறு வருஷம், நாள் குறித்தது பாவம் என்று பகிரங்கமாக அறிக்கையிட்டார். அவருடைய வார்த்தையையே இக்கட்டுரைக்குத் தலைப்பாகக் கொள்ளத் துணிந்தேன்.

இவ்வளவு ஆரவாரத்தில் மறைந்துபோவது எது என்பதே என் கவலை. வெளிப்படுத்தின விசேஷம் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் எபேசு முதல் லவோதிக்கேயா வரையிலிருந்த ஏழு சபைகளுக்கு, பத்மு தீவிலிருந்து யோவான் எழுதிய நிருபம். ரோமச் சக்கரவர்த்தியைத் தெய்வமாக வணங்கக் கோயில் எடுத்திருந்த பெர்கமு அவற்றுள் ஒன்று. நீரோ சீசர் என்னும் பெயரை எபிரெய எழுத்துக்களில் எழுதி அவற்றின் எண்மதிப்பைக் கூட்டினால் 666 வருகிறது; லத்தீன் வழக்குப்படி எழுதினால் 616; சில பழைய ஏட்டுப் பிரதிகளில் 616 என்றே காணப்படுகிறது. அந்தச் சபைகளிலிருந்த அடிமைகளும் கைத்தொழிலாளரும் யாரைப் பற்றிய பேச்சு இது என்று விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆறாம் அதிகாரத்துக் கறுப்புக் குதிரையின்மேல் ஏறி வருகிறவன் கையில் தராசு இருக்கிறது. ஒரு நாள் கூலியாகிய ஒரு பணத்துக்கு ஒருவன் ஒரு நாள் உண்ணும் கோதுமை மட்டுமே கிடைக்குமென்று கூறப்படுகிறது. எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தக்கூடாதென்று உத்தரவு. பெண்டு பிள்ளைகளுள்ள கூலியாள் அந்த விலையில் எப்படிப் பிழைப்பான்? பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோன் என்னும் மறைபெயரால் ரோமாபுரியின் வீழ்ச்சியைப் பாடும்போது, அதன் வர்த்தகர்கள் ஏற்றிவந்த சரக்குகளைப் பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், கோதுமை, ஆடு, குதிரை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் மனித உயிர்களை வைத்திருக்கிறார் ஆசிரியர். அடிமை வாணிகத்தில் செழித்த ஒரு சாம்ராஜ்யத்தின் முகத்துக்கு நேரே வைத்த குற்றப்பத்திரம் இது. கடைச் சரக்கின் உறையிலுள்ள கோடுகளில் 666 தேடுகிறவன், அந்தச் சரக்கை எந்த ஏழையின் வயிற்றிலடித்து இவ்வளவு மலிவாகச் செய்தார்கள் என்று கேட்பதில்லை. யோவான் கேட்கச் சொன்னது அதையே.

தானியேலின் 2,300 இராப்பகலும் அப்படியே. கி.மு. 167-இல் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தி, ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் மரணதண்டனைக்குரிய குற்றமாக்கிய கொடுமைக்கு எல்லை உண்டு என்று, ஒடுங்கிக் கிடந்தவர்களைத் தேற்றுவதற்கு எழுந்த வாக்கு அது என்பதே ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கண்ட முடிவு. தேவாலயம் கி.மு. 164-இல் சுத்திகரிக்கப்பட்டது. உயிருக்குப் போராடிய மனிதர்களுக்குக் கிடைத்த ஆறுதலைப் பிடுங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு நாள் பார்க்கும் பஞ்சாங்கமாக மாற்றுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சபையார் இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படுவர், பிறகு ஏழு வருஷம் மகா உபத்திரவம் என்னும் இன்றைய திட்டம் ஆதிமுதல் வந்த போதனை என்று பலர் நம்புகிறார்கள். ஜான் நெல்சன் டார்பி அதை வகுத்துப் பரப்பத் தொடங்கியது 1830-களிலேதான். ஸ்கோஃபீல்டு 1909-இல் வெளியிட்ட குறிப்புரை வேதாகமத்தில் அது வசனத்துக்குக் கீழேயே அச்சாகிவிட்டதால், குறிப்பும் வசனமும் வாசகர் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

அந்தத் திட்டத்தில் யூதர்கள் எருசலேமில் ஒன்றுசேரவேண்டும். சேர்ந்தபின் மூன்றில் இரண்டு பங்கினர் மடியவேண்டும் என்றும் அதைப் போதிக்கிறவர்களுள் பலர் சகரியாவைக் காட்டிச் சொல்லுகிறார்கள். இதை யூதர்மேல் வைத்த அன்பு என்று பிரசங்கிக்க எப்படி நா எழுகிறதோ! பெத்லகேமிலும் சுற்றுக்கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்துவை வணங்கிவரும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களுக்கோ அந்தத் திட்டத்தில் ஓர் இடமும் இல்லை. அவர்கள் நிலம் பறிபோனாலும் தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது என்று ஸ்தோத்திரம் செலுத்துகிற சகோதரர்கள் தூரதேசங்களில் இருக்கிறார்கள். நம் நாட்டில் மிசோரத்தில் ஆதார் எண்ணை மிருகத்தின் முத்திரை என்று அஞ்சி ஒரு சாரார் மறுத்தார்கள். பள்ளியிலிருந்து திரும்பிய குழந்தை, வீட்டில் தாயைக் காணாமல், அம்மா எடுத்துக்கொள்ளப்பட்டாள், நான் கைவிடப்பட்டேன் என்று நடுங்குகிறது; இந்தப் போதனையில் வளர்ந்த பலர் பெரியவர்களான பின்பு இதை எழுதியிருக்கிறார்கள். சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னவருடைய பெயரால் இந்தத் திகில் ஊட்டப்படுகிறது.

பயம் இல்லாவிட்டால் ஜனங்கள் மனந்திரும்பமாட்டார்கள், ஆகவே நாள் தவறினாலும் நன்மை விளைகிறது என்று சொல்லும் போதகர்கள் உண்டு. தெசலோனிக்கே சபையில் இந்தப் பரீட்சை நடந்து முடிந்துவிட்டது. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற பேச்சால் அங்கே கலக்கம் மூண்டபோது, வேலை செய்யாமல் வீணலுவற்காரராய்த் திரிந்தவர்களும் அந்தச் சபையில் இருந்தார்கள். அந்தச் சபைக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம் பயத்தை வளர்க்கவில்லை. அந்தப் பேச்சால் சஞ்சலப்படாதிருக்கச் சொல்லி, அமைதலோடே வேலைசெய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடும்படி கட்டளையிட்டது. நம்முடைய சபை மூப்பர்களும் அந்த நிருபத்தின் வழியிலேயே நடக்கக் கடமைப்பட்டவர்கள். இனி ஒருவர் வருஷம் குறித்துப் பேச மேடை கேட்டு வந்தால், முன்பு அவர் குறித்த வருஷத்தை நம்பி நிலத்தை விற்றவனுக்கும், படிப்பை நிறுத்திய பிள்ளைக்கும் அவர் என்ன பதில் சொன்னார் என்று முதலில் விசாரிக்கட்டும். பதில் சொல்லாதவருக்கு மேடை கொடாதிருக்கட்டும்.