கதை தொழிலாளியுடையது; கல்லாப்பெட்டி யாருடையது?

“சினிமா பார்ப்பது பொழுதுபோக்கு, அதில் போய் நியாய அநியாயம் பேசுவானேன்?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நூற்பு யந்திரத்தின் முன் நாளெல்லாம் நின்ற காலுக்கும், குனிந்து நாற்று நட்ட இடுப்புக்கும் ஓய்வு வேண்டும். அதை யார் மறுத்தார்கள்? ஆனால் டிக்கட்டுக்குக் காசு கொடுப்பவர்கள் நாம். செல்போனில் படம் பார்க்கச் சந்தா கட்டுபவர்களும் நாம். கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். கதையை மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டும்?

அண்மை வருஷங்களில் உழைப்பவர் வாழ்க்கையைச் சொல்லும் படைப்புகள் சில வந்திருக்கின்றன. அவற்றில் ஒரு சினிமா, ஒரு தொடர், ஒரு வீடியோ விளையாட்டு ஆகிய மூன்றைப் பற்றியும் நமக்குத் தோன்றியதைச் சொல்கிறோம்.

முதலில் நம் ஊர்ப் படம். மாரி செல்வராஜ் டைரக்ட் செய்த “வாழை” 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. பள்ளிக்கூடம் போகும் சிறுவன் லீவு நாட்களில் வாழைத்தார் சுமக்கிறான். காரணம், வீட்டில் வாங்கிய முன்பணம். தலையில் சுமப்பது வாழைத்தார். ஆனால் பசி தாங்காமல் ஒரு பழம் பறித்துத் தின்றால் அடி! விளைவிப்பதும் சுமப்பதும் நம் வேலை, தின்பது மட்டும் குற்றம் என்ற உலக நடப்பை இந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது. தாருக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டு ஆட்கள் உறுதியாக நிற்கும் கட்டத்துக்கு சபாஷ் போடலாம். பிறகு நடப்பது என்ன? தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களும் ஏறிப் போகிறார்கள். லாரி கவிழ்கிறது.

டீச்சர் மீது சிறுவனுக்குள்ள பிரியத்தைக் காட்டும் பகுதி சற்று நீளம் என்பது நமது எண்ணம். படம் அழுகையோடு முடிகிறது. பொறுப்பு யார் என்ற கேள்வியை நம்மிடம் விட்டுவிடுகிறது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் நடவுக்கும் அறுப்புக்கும் நம் பெண்கள் எந்த வண்டியில் போகிறார்கள்? தியேட்டரில் துடைத்த கண்ணோடு இந்தக் கேள்வியையும் கேட்டால்தான் படம் பார்த்த பலன் உண்டு.

இந்தத் துயரம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. தென் கொரியாவிலிருந்து 2021 செப்டம்பரில் வந்த “ஸ்க்விட் கேம்” தொடரைப் பாருங்கள். கடனில் மூழ்கிய 456 பேரை ஒரு தீவுக்குக் கொண்டுபோய்ச் சிறுபிள்ளை விளையாட்டுகளை ஆடவைக்கிறார்கள். தோற்றவனுக்குச் சாவு, கடைசியில் நிற்பவனுக்கு 4,560 கோடி வோன். பணக்காரர்கள் உட்கார்ந்து பந்தயம் கட்டி ரசிக்கிறார்கள். கதாநாயகன் யார்? கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே தள்ளப்பட்ட தொழிலாளி. 2009இல் சாங்யாங் மோட்டார் கம்பெனி 2,646 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. தொழிலாளர்கள் பியோங்டேக் தொழிற்சாலைக்குள்ளேயே 77 நாள் இருந்து போராடினார்கள். போலீஸ் ஹெலிகாப்டரோடு வந்து அவர்களை ஒடுக்கியது. அதை மனத்தில் வைத்தே இந்தப் பாத்திரத்தைப் படைத்ததாக டைரக்டர் ஹ்வாங் டோங் ஹ்யுக் சொல்லியிருக்கிறார்.

ஒருவன் பிழைக்க மற்றவன் சாக வேண்டும் என்ற விதியை எழுதியவர்கள் திரைக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்று காட்டுவது இத்தொடரின் பலம். ஏழைகள் ஒருவரையொருவர் கொல்லும் காட்சிகளை ரசனைப் பண்டமாக்கி அடுக்கிக்கொண்டே போவது இதன் பலவீனம். 2024 டிசம்பரிலும் 2025 ஜூனிலும் வந்த அடுத்த பகுதிகளில் இந்தப் பலவீனம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இருக்கட்டும், லாபக் கணக்கைப் பார்ப்போம். முதல் பகுதிக்கு நெட்பிளிக்ஸ் செய்த செலவு 2 கோடியே 14 லட்சம் டாலர். அதனால் கிடைக்கும் மதிப்பு சுமார் 89 கோடி டாலர். கம்பெனியின் உள் ஆவணங்களைக் கொண்டு புளூம்பெர்க் செய்தி நிறுவனம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கணக்கு இது. எழுதி இயக்கியவருக்கு? முதலில் பேசிய ஒப்பந்தத் தொகை மட்டும்தான் கிடைத்தது என்றார். வேலைப் பளுவில் ஆறு பற்களை இழந்தேன் என்றும் சொன்னார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது கொரியாவிலும் உண்மைதான்!

வேடிக்கை இதோடு நிற்கவில்லை. 2023 நவம்பரில் அதே கம்பெனி நிஜமாகவே 456 பேரைச் சேர்த்து, 45 லட்சத்து 60 ஆயிரம் டாலர் பரிசு வைத்து அதே விளையாட்டை நடத்திக் காட்டியது. படப்பிடிப்பில் கடுங்குளிரில் அவதிப்பட்டதாகச் சிலர் புகார் சொன்னார்கள். மனிதனைப் பந்தயக் குதிரையாக்குவது கொடுமை என்று சொன்ன கதையைக்கொண்டே பந்தயம் நடத்துகிறார்கள். தன்னைத் திட்டும் பேச்சையும் காசாக்கிவிடும் சாமர்த்தியம் முதலுக்கு உண்டு.

மூன்றாவது “டிஸ்கோ எலிசியம்.” 2019இல் வெளிவந்த கம்ப்யூட்டர் விளையாட்டு. சுட்டுத் தள்ளிக்கொண்டே போகும் ரகமல்ல. நாவல் படிப்பதுபோல, என்ன பேசுவது என்று தேர்ந்தெடுத்து ஆட வேண்டும். குடித்துத் தன் பெயரையே மறந்த ஒரு துப்பறியும் அதிகாரி, கொலை வழக்கை விசாரிக்க வருகிறார். அங்கே துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடக்கிறது. கம்பெனி கூலிப்படையை இறக்கியிருக்கிறது. சங்கத் தலைவன் என்றாலே சூழ்ச்சிக்காரன் என்று காட்டும் பழைய வழக்கத்தை இதுவும் விடவில்லை. ஆனாலும் யார் பக்கம் நிற்பது என்று ஆடுபவரை யோசிக்க வைக்கிறது. அந்த மட்டில் நல்ல வேலை.

இதை உருவாக்கியவர்கள் எஸ்டோனியா நாட்டு எழுத்தாளர்களும் ஓவியர்களும். 2019 டிசம்பரில் பரிசு வாங்கிய மேடையில் மார்க்சுக்கும் எங்கெல்சுக்கும் நன்றி சொன்னவர்கள். ஆனால் 2021 கடைசியில், முக்கியப் படைப்பாளியான ராபர்ட் குர்விட்ஸ் உட்பட மூவர் கம்பெனியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பங்குகள் முறைகேடாகக் கைப்பற்றப்பட்டன என்று அவர்கள் குற்றம் சாட்டினார்கள், கம்பெனி மறுத்தது. விளையாட்டோ கம்பெனியிடமே இருந்தது.

அப்படியானால் கைகட்டி நிற்பதுதானா வழி? இல்லை. அதே கம்பெனியில் 2024இல் ஆட்குறைப்பு வந்தது. அதன்பின் பிரிட்டனில் உள்ள அதன் ஊழியர்கள் சங்கம் அமைத்து, 2025இல் நிர்வாகத்தின் அங்கீகாரத்தையும் பெற்றார்கள். 2023இல் அமெரிக்காவின் சினிமா, டெலிவிஷன் எழுத்தாளர்கள் 148 நாளும், நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். வீடியோ விளையாட்டுகளுக்குக் குரல் கொடுப்போர் 2024 ஜூலையில் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருஷம் போராடினார்கள். தங்கள் குரலையும் எழுத்தையும் செயற்கை நுண்ணறிவு யந்திரத்துக்குத் தீனியாக்கித் தங்களையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்பது அவர்களது அச்சம். தறிகளைக் கூட்டி ஆளைக் குறைக்கும் வித்தையைப் பார்த்த ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டுமா? ஒப்பந்தத்தில் ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது. கதையில் வரும் வீரன் வாங்கித் தந்ததல்ல அது. கதை எழுதிய கைகள் ஒன்றாக நின்றதால் கிடைத்தது.

ஆகவே தோழர்களே, படம் பாருங்கள், சிரியுங்கள், அழுங்கள். பார்த்தபின் ஆலை வாசலிலும் வரப்பு ஓரத்திலும் அதைப் பற்றிப் பேசுங்கள். கதை நன்றா என்று மட்டும் கேட்காதீர்கள். இதில் உழைத்தவர் யார், லாபம் போன இடம் எது, உழைத்தவர்கள் சேர்ந்து நின்றார்களா என்றும் கேளுங்கள். நம் கண்ணீரை நமக்கே விற்கும் வியாபாரத்தில், கேள்வி கேட்கும் ரசிகனை மட்டும் எந்தக் கம்பெனியாலும் ஏமாற்ற முடியாது.